கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை மனச்சோர்வு மருந்தால் நரம்புச் செல்லாக்குவது: முழுமையான வழிகாட்டி

இன்டக்ஷன் மீடியம் (செல்லை நியூரான் பக்கம் திருப்பப் போடும் ஊட்டக் கரைசல்) ஊற்றி ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கிறீர்கள். காலையில் தட்டையாகப் பரந்து கிடந்த செல்கள் இப்போது நடுவில் உருண்டு திரண்டு, இரு பக்கமும் மெல்லிய இழை விட்டு நிற்கின்றன, பாடப்புத்தகத்தில் பார்த்த நியூரான் அப்படியே. கை பரபரக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்றைக்கு யாருக்கும் அனுப்ப வேண்டாம். கொழுப்புத் திசுவிலிருந்து வந்த செல் எதுவும் ஐந்து மணி நேரத்தில் நியூரான் ஆகிவிடாது. அது ஏன், அப்படியானால் எப்போது நம்பலாம், அதுவரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே முழுக்க எழுதியிருக்கிறேன். செல் கல்ச்சர் கொஞ்சம் பழகி, இந்த வேலையைப் புதிதாகக் கையில் எடுக்கும் எம்எஸ்சி, பிஎச்டி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை

இது பிளாஸ்டிக் தட்டில் வளரும் செல்களைப் பற்றியது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை எல்லாம் வரும். எந்த மாற்றமும் டாக்டரிடம் பேசித்தான். "மூளையில் புதுச் செல் முளைக்கும்" என்று நினைத்து நோய் இல்லாமலேயே இதைச் சாப்பிடுவதும் தவறு. இதை நான் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு ஃபுளுவோக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால் கை கால் இயக்கம் நன்றாகத் திரும்புகிறது என்று 2011இல் பிரான்சில் 118 பேரை வைத்து நடந்த ஃபிளேம் ஆய்வு சொன்னது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு பிரிட்டனில் 3,127 பேரை வைத்து ஃபோகஸ் ஆய்வு நடந்தது. தினமும் 20 மில்லிகிராம், ஆறு மாதம். 2018 கடைசியில் முடிவு வந்தபோது அன்றாடச் செயல்பாட்டில் பலன் எதுவும் இல்லை, எலும்பு முறிவு மட்டும் கூடியிருந்தது. நூற்றுப் பதினெட்டுப் பேரிடம் தெரிந்த நல்லதே மூவாயிரம் பேரிடம் காணாமல் போகிறது என்றால், தட்டில் தெரிவதை எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தைத் தேடிப் போனது ஏன்

ஃபுளுவோக்செட்டின் மாதிரி மருந்து உள்ளே போன சில மணி நேரத்திலேயே நரம்பு முனைகளில் செரடோனின் ஏறத் தொடங்குகிறது. ஆனால் நோயாளிக்கு மனம் லேசாக இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகிறது. இடையில் இருக்கும் அந்த வாரங்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது? எலி வளர்ந்த பிறகும் அதன் மூளையில் புது நியூரான் பிறக்கிறது என்று 1965இலேயே ஆல்ட்மனும் தாஸும் காட்டியிருந்தார்கள், ரொம்ப நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1998இல் எரிக்சனும் கேஜும் மனித ஹிப்போகாம்பஸிலும் (நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதி) அப்படி ஒன்றைக் காட்டினார்கள். 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் டூமன் குழு, வாரக்கணக்கில் மனச்சோர்வு மருந்து கொடுத்த எலிகளின் ஹிப்போகாம்பஸில் புதுச் செல்கள் கூடுவதைக் கண்டது. 2003இல் கொலம்பியாவில் ரெனே ஹென் குழு இன்னும் ஒரு படி போனது. எக்ஸ்ரே கதிர் வைத்து ஹிப்போகாம்பஸில் செல் பிறப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், சுண்டெலியின் நடத்தையில் மருந்து வழக்கமாகக் காட்டும் பலன் காணாமல் போயிற்று. 2011இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் அனாக்கரும் பாரியாந்தேயும் மனித ஹிப்போகாம்பஸ் முன்னோடிச் செல்களைத் தட்டில் வளர்த்து, செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து அவற்றை நியூரான் பக்கம் தள்ளுவதையும் அது குளுக்கோகார்டிகாய்டு (மன அழுத்த ஹார்மோன்) ஏற்பி வழியாக நடப்பதையும் காட்டினார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன செல்கள் எல்லாம் ஏற்கெனவே நரம்புக் குலத்தில் பிறந்தவை. நியூரான் ஆவது அவற்றுக்கு விதிக்கப்பட்ட பாதை, மருந்து அந்தப் பாதையில் கொஞ்சம் வேகம் கூட்டுகிறது. நாம் கையில் எடுக்கப்போகும் கொழுப்பு அல்லது எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லோ எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகப் பிறந்த மீசென்கைம் வகை. நரம்பு மரபணுக்களை அதில் ரெஸ்ட் என்ற புரதம் பூட்டி வைத்திருக்கிறது. எனவே "மருந்து நியூரான் பிறப்பைக் கூட்டும்" என்பதும் "மருந்து கொழுப்புச் செல்லை நியூரானாக்கும்" என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். முதலாவதுக்கு எலியில் நல்ல ஆதாரம் உண்டு (மனிதரில் வயதான பிறகு எவ்வளவு நடக்கிறது என்பதில் 2018இல் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பெரிய கட்டுரைகள் வந்து சண்டை இன்னும் ஓயவில்லை). இரண்டாவதை ஒவ்வொருவரும் தன் தட்டில் நிரூபித்தாக வேண்டும். உங்கள் ஆய்வுத் திட்டத்தின் முதல் வரியிலேயே இரண்டில் எதைச் சோதிக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

மீசென்கைம் செல்லிடம் வேறு வசதிகள் இருப்பதால்தான் அதை விட மனம் வரவில்லை. லைப்போசக்ஷன் செய்யும் அறுவை அரங்கில் குப்பைக்குப் போகும் கொழுப்பிலிருந்து எடுக்கலாம், நன்றாகப் பெருகும், கரு சம்பந்தப்பட்ட நெறிச் சிக்கல் இல்லை, நோயாளியின் செல்லையே நோயாளிக்குத் தரும் வாய்ப்பு உண்டு.

படி 1: அனுமதி

கொழுப்பு குப்பைக்குப் போவதுதானே என்று கேட்டு வாங்கி வந்துவிடக் கூடாது. கொடையாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும், நிறுவன நெறிக்குழு, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான தனிக்குழு இரண்டின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவில் ஐசிஎம்ஆரும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன, படித்துவிட்டு ஆரம்பியுங்கள். இதற்கே சில மாதம் ஓடிவிடும், அந்த நேரத்தில் விலைக்கு வாங்கிய செல்லை வைத்துக் கை பழகலாம்.

படி 2: கொழுப்பிலிருந்து செல் எடுப்பது

கொழுப்பு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள், 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். சம அளவு பிபிஎஸ் ஊற்றிக் குலுக்கி, நிற்கவிட்டு, கீழே இறங்கும் சிவப்பு நீரை எடுத்துவிட வேண்டும். நீர் தெளியும்வரை நாலைந்து முறை. அப்புறம் 0.1% கொலாஜனேஸ், 37 டிகிரி, மெல்லக் குலுக்கிக்கொண்டே 45 முதல் 60 நிமிடம். கொழுப்புக் கட்டிகள் கரைந்து கூழ் மாதிரி ஆகும். சீரம் கலந்த மீடியத்தை ஊற்றினால் நொதி அடங்கும். சென்ட்ரிஃபியூஜில் 300 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றி எடுத்துப் பார்த்தால் மேலே மஞ்சள் எண்ணெய், நடுவில் கலங்கிய நீர், அடியில் குங்குமத்தைத் தொட்டு வைத்த மாதிரி ஒரு சின்னச் சிவப்புப் படிவு. அந்தப் படிவுதான் உங்கள் பொருள். சிவப்பு என்பது ரத்தச் செல்கள், அமோனியம் குளோரைடு கரைசல் போட்டு உடைத்து, 100 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 10% சீரம் கலந்த டிஎம்இஎம் மீடியத்தில் ஃபிளாஸ்க்கில் போடுங்கள். 37 டிகிரி, 5% கார்பன் டைஆக்சைடு. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒட்டாத செல்களைக் கழுவிவிட்டால் ஒட்டியவை மிஞ்சும்.

மூன்று நாளுக்கு ஒரு முறை மீடியம் மாற்றி, தட்டு 80% நிறைந்ததும் டிரிப்சின் போட்டுப் பிரித்து அடுத்த ஃபிளாஸ்க்குக்கு மாற்றுங்கள். மூன்றாவது முதல் ஐந்தாவது பாசேஜுக்குள் (இப்படி ஒரு முறை மாற்றுவது ஒரு பாசேஜ்) சோதனையை முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு செல்கள் அகலமாகி, பெருகுவது குறைந்து, கிழடு தட்டத் தொடங்கும். கிழடு தட்டிய செல்லுக்குள் தானாகவே ஒளிரும் கழிவு சேரும், பிறகு ஃபுளோரசன்ஸ் பார்க்கும்போது அது பச்சை மார்க்கர் மாதிரியே கண்ணுக்குத் தெரிந்து ஏமாற்றும். மைக்கோபிளாஸ்மா சோதனையை மாதம் ஒரு முறை செய்யுங்கள், இதில் சமரசமே வேண்டாம்.

படி 3: இது ஸ்டெம் செல்தானா

2006இல் செல் சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம் வைத்த மூன்று நிபந்தனைகள்தான் இன்றைக்கும் அடிப்படை. பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும். சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் 95 சதவீதத்துக்கு மேல் செல்களில் இருக்க வேண்டும், சிடி45, சிடி34 மாதிரி ரத்தக் குல அடையாளங்கள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (புதிதாக எடுத்த கொழுப்புச் செல்லில் சிடி34 கொஞ்ச நாள் தெரியும், பாசேஜ் ஏற ஏறக் குறையும், பதற வேண்டாம்). எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாற வேண்டும். அலிசரின் ரெட் போட்டால் கால்சியம் சிவக்கும், ஆயில் ரெட் ஓ போட்டால் கொழுப்புத் துளி சிவக்கும், அல்சியன் புளூ குருத்தெலும்பை நீலமாக்கும்.

இதோடு இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான்: எந்த மருந்தும் படாத செல்லில் நெஸ்டினும் பீட்டா-3 டியூபுலினும் எவ்வளவு இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டும் நரம்பு அடையாளம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் மீசென்கைம் செல் சும்மா இருக்கும்போதே இரண்டையும் ஓரளவு காட்டும். பூஜ்ய நாள் படம் உங்களிடம் இல்லையென்றால் இருபத்தோராம் நாள் படத்துக்கு மதிப்பே கிடையாது.

படி 4: மருந்தும் அளவும்

மெடிக்கல் ஷாப் கேப்சூலை உடைத்துப் போடாதீர்கள். அதில் மாவு முதல் பல துணைப்பொருள்கள் இருக்கும். ஆய்வுத் தரத் தூளாக ஃபுளுவோக்செட்டின் ஹைட்ரோகுளோரைடு வாங்குங்கள், மூலக்கூறு எடை 345.8. 3.46 மில்லிகிராமை 1 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் ஸ்டாக். சின்னச் சின்னதாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைத்து, ஒரு முறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். இன்னொரு மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் ஹைட்ரோகுளோரைடு தண்ணீரிலேயே கரையும், அதை ஒப்பீட்டு மருந்தாக வைத்துக்கொண்டால் டிஎம்எஸ்ஓ தொல்லையே இல்லாத ஒரு வரிசை கையில் இருக்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

எவ்வளவு போடுவது? ஃபுளுவோக்செட்டினும் உடம்பில் அதிலிருந்து உண்டாகும் நார்ஃபுளுவோக்செட்டினும் சேர்ந்து சிகிச்சையில் இருப்பவர் ரத்தத்தில் சுமார் 120 முதல் 500 நானோகிராம்/மில்லி இருக்கும். ஏறக்குறைய 310 நானோகிராம் என்பது 1 மைக்ரோமோலார். ஆக 1 மைக்ரோமோலாரை நடுவில் வைத்து, கீழே 0.1, மேலே 10 என்று போவது நியாயமான வரிசை. மூளையில் மருந்து ரத்தத்தைவிடக் கூடுதலாகச் சேர்வதால் 10ஐயும் ஒதுக்க வேண்டியதில்லை. 20ஐத் தாண்டினால் பல வகைச் செல்கள் சாகத் தொடங்கும். ரத்தத்தில் இந்த மருந்தின் 94 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். சீரம் இருக்கும் மீடியத்தில் தாங்கிய அளவு, சீரம் இல்லாத இன்டக்ஷன் மீடியத்தில் செல்லைக் கொன்றுவிடும், ஏனென்றால் அங்கே ஒட்டிக்கொள்ளப் புரதம் இல்லாமல் முழு மருந்தும் செல்லின் மேல் விழுகிறது. எனவே எம்டிடி சோதனையை (எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பது) எந்த மீடியத்தில் உண்மையான சோதனை நடக்குமோ அதிலேயே செய்யுங்கள். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 செல், 24, 48, 72 மணி நேரம், 570 நானோமீட்டரில் அளவு. உயிர் பிழைப்பு 90 சதவீதத்துக்குக் கீழே போகும் அளவை நான் எடுத்துக்கொள்வதே இல்லை.

இப்போது டிஎம்எஸ்ஓ. என் முதல் வருடத்தில் 1 மில்லிமோலார் ஸ்டாக் ஒன்றை மட்டும் வைத்திருந்தேன். 1 மைக்ரோமோலாருக்கு ஒரு மில்லிக்கு 1 மைக்ரோலிட்டர், 20 மைக்ரோமோலாருக்கு 20 மைக்ரோலிட்டர் என்று போட்டேன். கன்ட்ரோல் குழியில் 1 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ. அதிக அளவு மருந்து போட்ட குழியில் மட்டும் அழகழகாக இழை விட்ட செல்கள். ஆறு வாரம் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, குழு கூட்டத்தில் காட்டியும் விட்டேன். சீனியர் ஒருவர் கையில் பேனாவை எடுத்து அந்தக் குழியில் டிஎம்எஸ்ஓ எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டார். இரண்டு சதவீதம். மறுநாள் மருந்தே இல்லாமல் 2% டிஎம்எஸ்ஓ மட்டும் போட்டுப் பார்த்தேன், மாலைக்குள் அதே இழைகள். ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் தனி ஸ்டாக் செய்யுங்கள்: 10, 1, 0.1 மில்லிமோலார். எல்லாக் குழிக்கும் மில்லிக்கு 1 மைக்ரோலிட்டர்தான் போகும், எல்லாவற்றிலும் டிஎம்எஸ்ஓ 0.1%, கன்ட்ரோலிலும் அதே 0.1%.

நான் தனியாக ஏமாந்துவிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 2000இல் வுட்பரி, பிளாக் குழு எலும்பு மஜ்ஜைச் செல்களை மெர்காப்டோஎத்தனால், டிஎம்எஸ்ஓ, பிஎச்ஏ வைத்துச் சில மணி நேரத்தில் நியூரானாக்கியதாக எழுதியது, உலகமே திரும்பிப் பார்த்தது. 2004இல் சான் டியேகோவிலிருந்து லூ, டுசின்ஸ்கி குழு அதையே திருப்பிச் செய்தது. டிடர்ஜென்ட், அதிக உப்பு, கடுமையான அமிலக் காரத்தன்மை எதைப் போட்டாலும் அதே "நியூரான்" உருவம் வந்தது. புதுப் புரதம் உருவாவதையே தடுத்துவிட்டுப் பார்த்தாலும் உருவம் வந்தது. செல் வளரவில்லை, அடி சுருங்கி, பிடித்துக்கொண்டிருந்த ஓரங்கள் மட்டும் நூல் மாதிரி மிஞ்சியிருக்கிறது. அதே ஆண்டு நியூஹியூபர் குழுவும் செல்லின் ஆக்டின் சட்டகம் கலைவதால்தான் இந்தத் தோற்றம் என்று காட்டியது. முதலில் சொன்ன ஐந்து மணி நேர போட்டோவின் கதை இதுதான்.

படி 5: இன்டக்ஷன்

அதனால் மெர்காப்டோஎத்தனால் வழியை விட்டுவிட்டு, மெதுவான வழியில் போங்கள். ஒட்டாத தட்டில் மில்லிக்கு 1,00,000 செல் என்ற கணக்கில், டிஎம்இஎம்/எஃப்12 மீடியம், 2% பி27, வளர்ச்சிக் காரணிகளான பிஎஃப்ஜிஎஃப், இஜிஎஃப் இரண்டும் மில்லிக்கு 20 நானோகிராம் வீதம் சேர்த்து ஏழு நாள். மூன்றாம் நாளிலிருந்து செல்கள் சேர்ந்து உருண்டை உருண்டையாக மிதக்கும். உருண்டை வந்தாலே நரம்பு முன்னோடிச் செல் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஒட்ட இடமில்லாத செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது இயல்பு. ஓரம் வழுவழுப்பாகப் பளிச்சென்று இருப்பதைத் தேருங்கள், நடுவில் கறுத்துப் போனது உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது.

ஏழாம் நாள் உருண்டைகளைப் பிரித்து, பாலிஆர்னித்தின், லாமினின் பூசிய கவர்ஸ்லிப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 10,000 செல் வீதம் விதையுங்கள். வளர்ச்சிக் காரணிகளை நிறுத்திவிடுங்கள். மருந்தை இங்கே தொடங்குவதா, உருண்டைக் கட்டத்திலேயே தொடங்குவதா? இரண்டையும் தனித்தனி வரிசையாகச் செய்யுங்கள், ஏனென்றால் முதல் கட்டத்தில் மருந்து பெருக்கத்தைத் தொடலாம், இரண்டாம் கட்டத்தில் முதிர்ச்சியைத் தொடலாம், கலந்து போட்டால் எது என்று பிரிக்கவே முடியாது. இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை பாதி மீடியத்தை மாற்றுங்கள், புது மீடியத்தில் மருந்தும் புதிதாக, அதே அளவில். மொத்தம் 21 நாள், அவசரப்பட்டு ஏழில் நிறுத்திவிடாதீர்கள்.

நடுவில் செல்லுக்குள் குமிழ் குமிழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஃபுளுவோக்செட்டினும் இமிப்ரமினும் லைசோசோமுக்குள் போய்ச் சேரும் இயல்புள்ள மருந்துகள், அங்கே பாஸ்போலிப்பிடு தேங்கி வீங்கும். குமிழ் நிறைந்த குழியின் முடிவை அளவு அதிகமானதன் அறிகுறியாக எடுத்து, ஒரு படி இறங்குங்கள்.

படி 6: கன்ட்ரோல்கள்

முழு வேலையின் உயிர் இங்கேதான். சாதா மீடியம் மட்டும். இன்டக்ஷன் மீடியம் மட்டும். இன்டக்ஷனோடு டிஎம்எஸ்ஓ. சாதா மீடியத்தில் மருந்து மட்டும், மருந்து தனியாக எதையாவது செய்கிறதா என்று தெரிய. இன்டக்ஷனோடு மருந்து. இவற்றோடு மனிதத் தோல் ஃபைப்ரோபிளாஸ்டுக்கும் (ஸ்டெம் செல் அல்லாத இணைப்புத் திசுச் செல்) இதே சிகிச்சை, அதிலும் அதே உருவமும் அதே மார்க்கரும் வந்தால் உங்கள் கண்டுபிடிப்பு ஸ்டெம் செல்லைப் பற்றியது இல்லை. கடைசியாக, உண்மையான நியூரான் எப்படித் தெரிய வேண்டும் என்று காட்ட எலி மூளைப்புறணி நியூரான் ஒரு குழி. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு உங்கள் கண்ணே நிறைய விஷயத்தில் கறாராகிவிடும்.

மருந்து எந்த வழியில் வேலை செய்கிறது என்றும் கேட்க விரும்பினால், 2021இல் ஹெல்சிங்கியில் காஸ்ட்ரேன் குழு மனச்சோர்வு மருந்துகள் நரம்பு வளர்ச்சிக் காரணியை வாங்கும் டிஆர்கேபி ஏற்பியிலேயே நேராக ஒட்டுகின்றன என்று காட்டியிருக்கிறது. கே252ஏ என்ற தடுப்பானை 200 நானோமோலாரில் போட்டு மருந்தின் பலன் மறைகிறதா பாருங்கள். அதற்கு முன்பு உங்கள் செல்லில் டிஆர்கேபியும் செரடோனின் கடத்தியும் இருக்கின்றனவா என்று க்யூபிசிஆரில் (மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளக்கும் முறை) பார்ப்பது அவசியம், பூட்டே இல்லாத கதவில் சாவி தேடக் கூடாது.

படி 7: நிறமேற்றி எண்ணுவது

4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், 0.1% டிரைட்டனில் 10 நிமிடம், ஆட்டுச் சீரத்தில் ஒரு மணி நேரம், முதல் ஆன்டிபாடி இரவு முழுக்க 4 டிகிரியில், இரண்டாவது ஒரு மணி நேரம் இருட்டில், பிறகு உட்கருவைக் காட்டும் டேப்பி சாயம். முதல் ஆன்டிபாடி இல்லாத ஒரு கவர்ஸ்லிப் எப்போதும் உடன் போக வேண்டும். நெஸ்டின் தொடக்கத்தில் ஏறிப் பிறகு இறங்க வேண்டும், இருபத்தோராம் நாளும் உச்சியிலேயே நின்றால் செல் எங்கும் போகவில்லை. முதிர்ந்த நியூரானின் அடையாளங்களான மேப்-2, நியூஎன், சினாப்டோஃபைசின் மூன்றும் பின்னால் வர வேண்டும். ஆஸ்ட்ரோசைட் (நியூரானுக்குத் துணை நிற்கும் மூளைச் செல்) அடையாளமான ஜிஎஃப்ஏபியையும் பாருங்கள், பல சமயம் வருவது நியூரான் அல்ல, ஆஸ்ட்ரோசைட் பக்கம் சாயும் செல். மார்க்கர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நியூஎன் உட்கருவில் இருக்க வேண்டும். செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் பூசிக்கொண்டு மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரியும்.

எண்ணும்போது சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். ஒரு குழியில் 1,000 செல்லில் 100 நெஸ்டின் உள்ளவை, அதாவது 10%. மருந்து மற்ற செல்களில் 700ஐக் கொன்றுவிட்டால் மிஞ்சிய 300இல் அதே 100, இப்போது 33%. ஒரு செல்கூட மாறவில்லை, சதவீதம் மட்டும் மூன்று மடங்கு. மொத்த எண்ணிக்கை, செத்தவை, பெருகியவை மூன்றையும் சேர்த்தே காட்டுங்கள். கவர்ஸ்லிப்களின் பெயரை வேறொருவர் மறைத்துக் கொடுக்க, எது எந்தக் குழி என்று தெரியாமல் எண்ணுங்கள். நம் கண் நமக்குப் பிடித்த பக்கம் சாய்வதை நான் என் எண்ணிக்கைத் தாளிலேயே பார்த்திருக்கிறேன்.

க்யூபிசிஆரில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு ஒப்பீட்டு மரபணுவை நம்பாதீர்கள், மீடியம் மாறும்போது செல்லின் வளர்சிதை மாறி ஜிஏபிடிஹெச்சே ஏறி இறங்கலாம். இரண்டு மூன்று வையுங்கள்.

படி 8: செல் வேலை செய்கிறதா

நியூரான் என்றால் மின்துடிப்பு தர வேண்டும். முதலில் சுலபமானது: ஃபுளுவோ-4 சாயம் ஏற்றி, 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு ஊற்றிப் பாருங்கள். கால்சியம் சட்டென்று ஏறி ஒளி மின்னினால் ஒரு நல்ல அறிகுறி. ஆனால் நியூரான் அல்லாத சில செல்களிலும் கால்சியம் ஏறும், எனவே இதோடு நிற்க முடியாது. அடுத்தது பேட்ச் கிளாம்ப், அதாவது ஒரே செல்லின் மின்னோட்டத்தை நேராக அளப்பது. உங்கள் துறையில் கருவி இல்லையென்றால் இருக்கும் இடத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள், இதைத் தவிர்த்துவிட்டு "நியூரான்" என்று எழுத வழியில்லை. ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 60, 70 மில்லிவோல்ட் அருகில் இருக்கிறதா, மின்சாரம் செலுத்தினால் வேகமான சோடியம் ஓட்டம் வருகிறதா, அது டெட்ரோடோடாக்சின் போட்டால் நிற்கிறதா, கழுவினால் திரும்புகிறதா, ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்கிறதா. இந்த வரிசையில் போங்கள். டெட்ரோடோடாக்சின் கொடிய நஞ்சு, கையுறை இல்லாமல், தனியாக இருக்கும்போது தொடவே கூடாது.

ஒப்பிட ஒரு அளவுகோல் சொல்கிறேன். 2010இல் ஸ்டான்ஃபோர்டில் வெர்னிக் குழு சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்டுக்குள் ஏஎஸ்சிஎல்1, பிஆர்என்2, மைட்1எல் என்ற மூன்று மரபணுக்களைச் செலுத்தி நேரடியாக நியூரானாக்கியது, அவை துடித்தன, சினாப்ஸும் அமைத்தன. மரபணுவின் பூட்டை உள்ளேயிருந்து உடைத்து அங்கே போனார்கள். வெளியிலிருந்து ஊற்றும் ஒரு மாத்திரை மருந்து மட்டும் அவ்வளவு தூரம் தள்ளும் என்று நான் நம்பவில்லை. நம்புவது இதை: நல்ல இன்டக்ஷன் மீடியத்தோடு சேரும்போது செல்லைச் சாகாமல் காத்து, டிஆர்கேபி மாதிரி வழிகளைத் தட்டிவிட்டு, போகிற பாதையில் கொஞ்சம் கூடுதல் தூரம் கூட்டிப்போகும் துணையாக இருக்கலாம். அதுவே பெரிய விஷயம். பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் சாப்பிட்ட, பக்கவிளைவுகள் தெரிந்த, விலை குறைந்த மருந்து அது.

படி 9: எழுதுவது

மூன்று கொடையாளிகளின் செல்லிலாவது தனித்தனியாகச் செய்திருக்க வேண்டும். ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து மூன்று குழி என்பது மூன்று சோதனை ஆகாது. வயது, ஆண் பெண், எந்த இடத்துக் கொழுப்பு, எத்தனையாவது பாசேஜ், மருந்தின் லாட் எண், டிஎம்எஸ்ஓ சதவீதம் எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். மார்க்கர் மட்டும் வந்திருந்தால் "நரம்பு போன்ற செல்" என்று எழுதுங்கள். துடிப்பும் வந்திருந்தால் மட்டும் நியூரான். ஃபைப்ரோபிளாஸ்டிலும் ஏதாவது வந்திருந்தால் அதை மறைக்காமல் முதல் படத்திலேயே வையுங்கள்.

ஐந்தாவது மணி நேரத்தில் எடுத்த அந்த போட்டோவையும் தூக்கிப் போட வேண்டாம். துணைத் தரவில் சேர்த்து, பக்கத்திலேயே டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழியின் அதே மணி நேரப் படத்தை, அதே எக்ஸ்போஷரில், அதே அளவுகோலோடு வையுங்கள்.